ஒரு நஞ்சு, ரெண்டு கொடி

“எட்டு நடக்கும்போது வயித்துல கத்தி வெக்க நான் வுட மாட்டேன்னா வுட மாட்டேன்—”

“எட்டு இல்ல அத்தை, முப்பத்தாறு வாரம்னு எத்தினி வாட்டி—”

“வாரமாம் வாரம்! நாங்கல்லாம் வாரம் எண்ணியா பெத்தோம்? ஜூலை நாலாந்தேதி நீ குளிச்சிருக்கணும், குளிக்கல. அதுலருந்து எண்ணு. ஆகஸ்ட்டு நாலு ஒண்ணு, செப்டம்பர் நாலு ரெண்டு—”

“அதுலருந்து எண்ணக் கூடாது. அதுக்கு முன்னாடி குளிச்சனே, ஜூன் அஞ்சு, அதுலருந்து எண்ணணும். நர்ஸு மெர்சியக்கா உங்க எதுர்லதான அட்டையில எழுதினாங்க?”

“வயித்துல புள்ளையே இல்லாத நாளையெல்லாம் சேத்து எண்ணுவாளாம் அவ. நல்லா இருக்குது கணக்கு.”

“அம்மா, எனக்கு அஞ்சே முக்காலுக்கு பஸ்ஸு,” என்றான் பென்னி.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. ரோசம்மாள் அடுப்பு முன்னால் கரண்டியோடு நின்றாள். அவள் மருமகள் சுகிர்தா பிளாஸ்டிக் நாற்காலியில் கால் இரண்டையும் அகட்டி உட்கார்ந்து, மடியில் வைக்க இடமில்லாத ஆஸ்பத்திரி ஃபைலைத் தரையில் வைத்திருந்தாள். வயிற்றில் இரண்டு. நாளைக்குப் புதன்கிழமை வந்து படுக்கச் சொல்லியிருந்தார்கள். வியாழன், பிப்ரவரி பன்னிரண்டு, ஆபரேஷன். ரோசம்மாளின் கணக்கில் அன்றைக்கு எட்டாம் மாதம் தொடங்கி எட்டு நாள்தான் ஆகிறது. எட்டு கழிய மார்ச் நாலு ஆக வேண்டும்.

“ஏழுல பொறந்தது பொழைக்கும். ஒம்போதுல பொறந்தது பொழைக்கும். எட்டுல பொறந்தது தங்காது. இது உன் டாக்டருக்குத் தெரியுமா? அவ எத்தினி பெத்தா?”

“அவங்க பெத்தாங்களோ இல்லியோ, ஆயிரம் பேரு வயித்துல கைய வெச்சிருக்காங்க. உங்க பேச்சக் கேட்டு மார்ச்சு வரைக்கும் வெச்சிருந்தா முப்பத்தொம்போது வாரம் ஆயிடும். சாதாரண வயிறா இருந்தா பரவால்ல. ரெட்டையிலயே இது வேற ரெட்டை அத்தை. நாலாம் மாசத்துலருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு வாட்டி சும்மாவா கூப்ட்டுக் கூப்ட்டு ஸ்கேன் எடுத்தாங்க?”

“இன்னா வேற? ரெட்டைன்னா ரெட்டை.”

“தண்ணிப் பை ரெண்டு, ஆனா புள்ளைக்கு ரத்தம் குடுக்கற நஞ்சு ஒண்ணுதான். ஒரே நஞ்சுலருந்து ரெண்டு கொடி. ரெண்டோட ரத்தக் குழாயும் உள்ள கலந்து கெடக்குது. ஒண்ணு இப்பவே நானூறு கிராம் கம்மி. இதுவரைக்கும் தாங்கினதே பெருசு, இதுக்கு மேல உள்ள வெச்சா எப்ப இன்னா ஆவும்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னாங்க. ஒண்ணு நின்னுபோச்சின்னா இன்னொண்ணோட ரத்தம் அது பக்கம் சாஞ்சிடுமாம். இருக்கறதும் போவலாம். தப்பிச்சா கூட மூளைக்கு ரத்தம் பத்தாம கை காலு இழுத்துக்குமாம்.”

கரண்டி நின்றது.

“எந்தக் கை?” என்றாள் ரோசம்மாள்.

“இன்னாது?”

“எந்தக் கைன்னு சொன்னாங்களா?”

“எந்தக் கையா இருந்தா இன்னா அத்தை? நான் இன்னா சொல்லிகினு இருக்கேன், நீங்க இன்னா கேக்கறீங்க?”

ரோசம்மாள் திரும்பிக்கொண்டாள். பென்னி சாப்பாட்டுப் பையை இடது முழங்கையில் மாட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய இடது கை விரல்கள் முழுதாக விரியாது. ஆறு மாதக் குழந்தையில் தூளியிலிருந்து விழுந்துவிட்டான் என்று அம்மா சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். இரும்புக் கம்பெனியில் உலைப் பக்கம் எடுக்க மாட்டோம் என்று சொல்லி, லாரி எடை போடும் இடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு கை போதும்.

“இப்ப இன்னான்ற நீ?” என்று சுகிர்தா அவனைக் கேட்டாள். “நாளைக்கு வரியா, இல்லியா?”

“மார்ச்சு நாலு வரைக்கும் பாக்கலாமே சுகி. டாக்டருக்கு போன் போட்டுக் கேக்கலாம். அம்மாவும் பெத்தவங்கதான.”

“ஒண்ணு பெத்தாங்க. எனக்கு ரெண்டு. நீ வராட்டி போ. நானே ஷேர் ஆட்டோ ஏறிப் போயி என் கையெழுத்த நானே போட்டுக்கறேன்.”

“இந்த வயித்துக்கு ஷேர் ஆட்டோவுல மூணு சீட்டு கேப்பான்.”

அவன் மட்டும் சிரித்தான். அப்புறம் அவனும் நிறுத்திக்கொண்டு செருப்பைத் தேடினான்.

“பெரிய பேஜாரும்மா உங்க கூட. நாஷ்டா கேன்டீன்ல பாத்துக்கறேன்.”

பஸ் சத்தம் தூரமாகப் போய்க் கரைந்தது. ரோசம்மாள் அடுப்பை அணைத்தாள். வாசலில் காயப்போட்டிருந்த துணிகளில் ராத்திரி படிந்த இரும்புத் தூளை உதறினாள். உதற உதற வந்தது.

சுகிர்தா இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். ஜன்னலுக்கு வெளியே பனி இன்னும் விலகவில்லை. தெருவுக்குப் பின்னாலிருந்த வேறொரு கம்பெனியின் ஓயாத இரைச்சல் தரை வழியாகப் பாய்க்கும், பாய் வழியாக விலாவுக்கும் ஏறியது. தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தது கண்ணிலேயே நின்றது.

ஞாயிறு கோயில் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு பென்னி தரையிலேயே தூங்கிப் போயிருந்தான். ரோசம்மாள் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாரா வாரம் நடப்பதுதான். சின்ன வயதிலிருந்து அந்தக் கைக்கு எண்ணெய் போட்டு நீவுகிறவள். சுகிர்தா தண்ணீர் குடிக்க எழுந்தவள் அன்றைக்குத்தான் அவள் பேசுவதைக் கேட்டாள். மூடிக்கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே, தூங்குகிற மகனைப் பார்க்காமல், அவனுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த தரையைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள்.

“வுடுடா கண்ணு. வலிக்குது பாரு அவனுக்கு. முப்பத்திரண்டு வருஷமா புடிச்சிகினு இருக்கியே. வுட்டுட்றா.”

சுகிர்தா தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். ஜெபமாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தாள். ஜெபத்தில் யாரும் தரையைப் பார்த்து “டா” போடுவதில்லை.

அதை நினைத்துக்கொண்டே கண் அயர்ந்தாள்.

விழித்தபோது கம்பெனியில் ஒரு மணிச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. வீட்டில் சமையல் வாசனையே இல்லை. பாய்க்குப் பக்கத்தில், வயிற்றுக்கு நேராக, ரோசம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா அத்தை, இங்க உக்காந்துகினு?”

“சும்மா.”

“ஆக்கலியா?”

“ஆக்கணும்.”

சுகிர்தா கையை ஊன்றி எழுந்தாள். இடது பக்கம் ஒரு உதை விழுந்தது. பெரியதுக்கு எப்போதும் அவசரம். வலது பக்கம் சின்னது லேசாகத்தான் அசையும், மீன் துள்ளுகிற மாதிரி. அதற்காகக் கையை வைத்துக் காத்திருந்தாள். எழுந்து போய்ப் பானையிலிருந்து இரண்டு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் குடித்தாள். மறுபடி வந்து படுத்தாள். மெர்சியக்கா சொல்லிக் கொடுத்தபடி வலது விலாவுக்குக் கீழே இரண்டு விரலால் தட்டிப் பார்த்தாள்.

“அத்தை. சின்னது அசையல.”

ரோசம்மாள் முழங்காலைக் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

“தூங்குதோ இன்னாவோ. ஆனா காலையில நாம சண்ட போட்டப்ப இருந்துச்சி. அதுக்கப்புறம் ஞாபகம் இல்ல. அத்தை, கேக்குதா?”

“பெருசு உதைக்குதா?”

“அது உதைக்குது.”

“அது உதைக்கும்,” என்றாள் ரோசம்மாள். “அது உதைக்கறத வெச்சிதான் நான் ஏமாந்தேன்.”

“எப்ப ஏமாந்தீங்க?”

“எழுந்திரு. போலாம்.”

“அத்தை, எப்ப?”

“எனக்கும் ரெண்டு இருந்துச்சி சுகி. ஒரே நஞ்சு, ரெண்டு கொடி. என் கண்ணால பாத்தேன். பென்னி வலப்பக்கம். இடப்பக்கத்துது எட்டாம் மாசத்துல நின்னுபோச்சி. இவன் உதைச்சிகினே இருந்தான், நான் சும்மா இருந்துட்டேன். போனது போவும்போது இவன் கைய புடிச்சி இழுத்துக்கினு போயிடுச்சின்னு நானா நெனச்சிகினு இருந்தேன். உங்க டாக்டரு அதையே ரத்தம்னு சொல்றா. நூத்தி எட்டுக்கு போன் போடு. எனக்கு அந்த போன்ல அமுக்கத் தெரியாது. போடு, சீக்கிரம்.”

சுகிர்தா போனை எடுத்தாள். இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாம் முறை போட்டாள்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆனது. அதில் ஏறியதும் பென்னிக்குப் பேசினார்கள். “நாளைக்குத்தான?” என்றான் அவன். “இன்னிக்கி. இப்ப,” என்று ரோசம்மாள் போனைப் பிடுங்கிக் கத்தினாள். தச்சூர் கூட்டுரோட்டில் வண்டி நெரிசலில் நின்றது. முன்னால் கம்பி ஏற்றிய லாரிகள், சைரனைக் கேட்டும் ஒதுங்க இடமில்லாமல் நின்றன. ரோசம்மாள் ஒரு கையால் மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைச் சுகிர்தாவின் வலது வயிற்றிலேயே வைத்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. சுகிர்தா காதைக் கொடுத்துக் கேட்டாள். ஜெபமில்லை.

“நீ போயிடாத. உன்ன யாரும் எண்ணாம வுடல. அட்டையில எழுதி இருக்குது. ரெண்டுன்னு எழுதி இருக்குது.”

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். வயிற்றில் கருவியை வைத்ததுமே குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“இது ஒண்ணு. நல்லா இருக்கு. இன்னொண்ணு எந்தப் பக்கம்மா?”

“வலப்பக்கம் மேடம்.”

கருவி வலது பக்கம் போனது. கீழே இறங்கியது. மேலே வந்தது. கரகரவென்று காற்று மாதிரி ஒன்று கேட்டதே தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. டாக்டர் கையை அழுத்திச் சாய்த்தாள். அப்போது எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. தட். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு தட். களைத்துப் போன யாரோ படி ஏறுகிற மாதிரி.

“இருக்கு. ஆனா ரொம்பக் கம்மியாத் துடிக்குது. சிஸ்டர், தியேட்டருக்குச் சொல்லுங்க, உடனே. ஏம்மா, அசைவு இல்லன்னு எப்ப கவனிச்சீங்க?”

“ஒரு மணிக்கு மேடம். தூங்கி எழுந்ததும்.”

“பத்து மணியிலருந்து,” என்றாள் ரோசம்மாள்.

சுகிர்தா தலையைத் திருப்பினாள்.

“நீ தூங்கினு இருந்தப்ப கைய வெச்சிப் பாத்தேன். பத்து மணிக்கு. அசையல. பதினொண்ணுக்குப் பாத்தேன். அப்பவும் இல்ல.”

“எழுப்பலியே அத்தை.”

“எட்டு நடக்குது, எட்டு நடக்குதுன்னே ஓடிச்சி உள்ள. எழுப்பினா கூட்டினு போயி எடுத்துடுவாங்கன்னு. இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம், இன்னும் கொஞ்ச நேரம்…”

“மூணு மணி நேரம், அத்தை.”

அதற்கு மேல் பேச விடவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வளையலைக் கழற்றி ஒரு நர்ஸ் ரோசம்மாள் கையில் திணித்தாள். சுகிர்தா போகும்போது அவளைப் பார்க்கவில்லை. மேலே ஓடுகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டே போனாள்.

பென்னி கம்பெனி பூட்ஸோடு ஓடி வந்தபோது நாலு மணி. அவன் வந்து பத்து நிமிஷத்தில் அந்த டாக்டர் வெளியே வந்தாள். முகத்திலிருந்து துணியை இறக்கினாள்.

“சுகிர்தா வீட்டுக்காரரா? அம்மா நல்லா இருக்காங்க. ரெண்டுமே பொண்ணு. ரெண்டும் உயிரோட இருக்கு.”

“ஸ்தோத்திரம்,” என்று பென்னி சுவரில் சாய்ந்தான்.

“பெருசு பொறந்ததும் அழுதுச்சு. சின்னது அழல. ஒரு கிலோ எழுநூறு. குழாய் வெச்சுதான் மூச்சு குடுத்துட்டிருக்கோம். ரெண்டு நாள் தாண்டினாத்தான் எதையும் சொல்ல முடியும். பெருசுக்கும் தலையை ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்.”

“பெருசுதான் அழுதுச்சே மேடம், நல்லாத்தான இருக்குது. அதுக்கு எதுக்கு தலை ஸ்கேனு?”

“ஒரே நஞ்சு இல்லையா? சின்னதுக்கு இதயத் துடிப்பு எறங்கினப்ப பெருசோட ரத்தமும் கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருக்கலாம். பாத்துடுறது நல்லது.”

அவள் போய்விட்டாள். பென்னி பெஞ்சில் உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில் ஃபேன் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. ரோசம்மாள் வளையல்களைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“உக்காரும்மா. அதான் ரெண்டும் இருக்குதுன்னாங்க இல்ல? இன்னா, பேய் அடிச்ச மாதிரி நிக்கிற?”

“எதுக்கு ஸ்கேனுன்னு கேட்டியே நைனா. எனக்குத் தெரியும் எதுக்குன்னு.”

“உனக்கு இன்னா தெரியும்? காலையில வரைக்கும் எட்டு, எட்டுன்னு குதிச்சிகினு இருந்த.”

“நீ தூளியிலருந்து வுழல.”

பென்னி அவளைப் பார்த்தான்.

“தூளியே கட்டல உனக்கு. பயத்துல மடியை வுட்டு எறக்கல உன்ன. நீ பொறக்கும்போதே கை அப்டிதான் இருந்துச்சி. மூடிகினு.”

“இன்னாம்மா சொல்ற?”

“உன் கூட இன்னொருத்தன் இருந்தான்.”

யாரோ ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு அவர்களைக் கடந்தாள். அது மூலை திரும்பும் வரை ரோசம்மாள் காத்திருந்தாள்.

“பொன்னேரியாண்ட நாத்து நட்டுகினு இருந்தோம். மதியம் கஞ்சி குடிக்க கரையேறினேன். வலப்பக்கம் நீ இடிச்ச. இடப்பக்கம் சத்தமில்ல. சாய்ங்காலம் வரைக்கும் பாத்தேன். ராவெல்லாம் பாத்தேன். விடிஞ்சதும் உங்க ஆயாகிட்ட சொன்னேன். ‘எட்டு நடக்குது, வாயத் தொறக்காத. ஆஸ்பத்திரிக்குப் போனா வயித்தக் கிழிச்சி ரெண்டையும் எடுத்துடுவான். எட்டு கழியட்டும், அது தானா அசையும்’னா. சரின்னேன். மறுநாளும் நடவுக்குப் போனேன். நீ உதைக்க உதைக்க அவனும் உதைக்கறான்னு நெனச்சிக்குவேன். ஒரு உதை ரெண்டு பேருக்கும்னு நெனச்சிக்குவேன். பதினோரு நாளு.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“ஊட்டுலதான் வலி வந்துச்சி. மொதல்ல நீ வந்த. அப்புறம் அவன் வந்தான். காஞ்சிப் போயி, இம்மாத்தூண்டா. அப்புறம் நஞ்சு வுழுந்துச்சி. ஒண்ணே ஒண்ணு. உங்கப்பாதான் துணியில சுத்தி எடுத்துக்கினு போனாரு. ஞானஸ்நானம் ஆவாததுன்னு கல்லறையில இடம் தரல. ஒரு புள்ளன்னே ஊருக்குச் சொன்னோம்.”

“எங்க வெச்சாரு?”

“சவுக்குத் தோப்புல. அது இப்ப இல்ல. சுவரு எழுப்பிட்டாங்க.”

“எந்தச் சுவரு?”

ரோசம்மாள் சேலைத் தலைப்பை இறுக்கினாள்.

“அம்மா. எந்தக் கம்பெனி சுவரு?”

“அதக் கேக்காத. நான் உன்ன அந்த வேலைக்குப் போவாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன். நீதான் கேக்கல.”

பென்னி எழுந்தான். நாலு அடி நடந்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு சின்னப் பெட்டிகள், பக்கம் பக்கமாக, மஞ்சள் வெளிச்சத்தில் இருந்தன. ஒன்றில் ஒரு கால் காற்றை உதைத்தது. மற்றொன்றில் குழாய்களுக்கு நடுவில் எதுவும் அசைகிற மாதிரி தெரியவில்லை. மேலே இருந்த திரையில் பச்சைக் கோடு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. அவன் அந்தக் கோட்டையே ரொம்ப நேரம் பார்த்தான்.

“எட்டு கெட்டதுன்னே நெனச்சிகினு இருந்தேன்டா,” என்றாள் அவள் பின்னாலிருந்து. “எட்டுதான் கொன்னுதுன்னு. நான் காத்துகினு இருந்ததுன்னு தோணவே இல்ல. இன்னிக்கி அவ சொன்ன பெறகும் மூணு மணி நேரம் உக்காந்துகினு இருந்தேன் பாரு. சுகி என்ன மன்னிக்க மாட்டா. நீ ஏதாவது பேசு. திட்டு. திட்டிடு நைனா.”

அவன் திட்டவில்லை. திரும்பவும் இல்லை. மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. அவன் வலது கையால் அதைத் துடைத்தான். அவன் பேசியபோது குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது.

“அந்தப் பதினோரு நாளும் நான் அவன் பக்கத்துலயேதான் படுத்துகினு இருந்தனாம்மா?”